கோப்பு நீட்டிப்பை மாற்றி எழுதினால் கோப்பும் மாறிவிடுமா?

படத்தின் பெயரில் இருக்கும் .ஹெச்இஐசி என்பதை அழித்துவிட்டு .ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடுமா, ஆகாதென்றால் புள்ளிக்குப் பின்னால் நீட்டிப்பு என்று அந்த எழுத்துகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. இணைய மையம் நடத்துகிறேன். விண்ணப்பக் காலத்தில் இதே சிக்கலோடு மாணவர்கள் வருவார்கள். ஒரு பெண் ஐபோனில் எடுத்த படத்துக்குப் பெயரை மட்டும் மாற்றி, கடைசி நாள் மாலை வரை பதிவேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தளம் ஏற்கவே இல்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் பொதுவாகப் படத்தை ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. அதைத் திறந்து, 'சேவ் ஆஸ்' வழியாக ஜேபிஜியாகச் சேமித்த பிறகுதான் விண்ணப்பம் போனது. அன்று அவள் பட்ட பாட்டை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோப்பு எந்த வகை என்பதற்கான அடையாளம் பெரும்பாலும் அதன் உள்ளேயே இருக்கிறது. ஒரு பிடிஎஃப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் தொடக்கத்திலேயே தெரியும். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் கோப்பு 'பிகே' என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டின் .டாக்எக்ஸ் கோப்பும் அப்படியே தொடங்கும், ஏனென்றால் அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, பெயரின் முடிவை .ஜிப் என்று மாற்றித் திறந்தால், ஆவணத்தில் ஒட்டிய படங்களெல்லாம் 'மீடியா' என்ற கோப்புறையில் தனித்தனியாகக் கிடக்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

அப்படியானால் நீட்டிப்பு எதற்கு? இரண்டு முறை சொடுக்கியதும் எந்தச் செயலியை அழைப்பது என்பதை விண்டோஸ் அதைப் பார்த்தே முடிவு செய்கிறது. உள்ளே புரட்டிப் பார்ப்பதில்லை. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, நீட்டிப்புக்கு 3 எழுத்து என்பது வரம்பு. ஜேபிஇஜி என்ற நான்கெழுத்து ஜேபிஜி என்று சுருங்கியது அதனால்தான். 1995-இல் விண்டோஸ் 95 அந்த வரம்பைத் தளர்த்தியது.

ஆனால் தெரிந்த நீட்டிப்புகளைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. இது எனக்குச் சற்றும் பிடிக்காத ஏற்பாடு. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்ற கணினிப் புழு (தானாகப் பரவும் தீய நிரல்), .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடியும் பெயரோடு மின்னஞ்சலில் வந்தது. டிஎக்ஸ்டி உரைக் கோப்பைக் குறிக்கும்; விபிஎஸ் திறந்ததும் இயங்கும் நிரலைக் குறிக்கும். கடைசிப் பகுதி மறைந்துவிட, வெறும் உரைக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பட்டியலில், 'ஷோ' என்பதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' இருக்கும். இன்றே அதை இயக்கிவிடுங்கள்.

கைப்பேசியிலும் இதே கவனம் வேண்டும். திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு .ஏபிகே என்று முடிந்தால், அது அழைப்பிதழ் அல்ல, ஆண்ட்ராய்டில் நிறுவப்படும் செயலி. அனுப்பியவர் நெருங்கிய உறவினராகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய கணக்கும் பறிபோயிருக்கலாம். உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.