பதில்: கையால் செய்த புத்தகத்தின் அட்டை வளைகிறது

அட்டையின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள், வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அம்மாவின் கடிதங்களை வைக்கச் செய்த புத்தகத்துக்கு வெளியே மட்டும் காலிகோ துணி (புத்தகக் கட்டுக்கான பருத்தித் துணி) ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பசை காயும்போது துணி சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்ளே எதிர் இழுப்பு இல்லாததால்தான் ஓரங்கள் வெளிப்புறமாகத் தூக்குகின்றன.

ஒட்டும் முன் ஒரு சோதனை. அட்டையை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெதுவாக, மடிப்பு விழாமல் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் அச்சு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அட்டையின் இழையும், அதாவது நார்கள் ஓடும் திசையும், அந்தப் பக்கம்தான். அது புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். உள்தாளுக்கும் இதேதான்.

தென்காசி பக்கத்துச் செங்கோட்டையில் சாரல் காலத்தில் மைதாப் பசை லேசில் காயாது. இருபுறமும் வெள்ளைத் தாள் வைத்து, மேலே அம்மிக்கல் ஏற்றி, ஈரத் தாளை அடிக்கடி மாற்றுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மறுபடி வளையும்.

அப்புறம், அம்மாவின் கடிதங்களைத் தயவுசெய்து பசையால் ஒட்டாதீர்கள். மைப் பேனா எழுத்து ஈரம் பட்டால் கரையும். பக்கத்தில் நான்கு மூலைக்கும் சாய்வாகக் கீறி, கடிதத்தைச் செருகிவிடுங்கள். எடுத்துப் பின்பக்கத்தையும் படிக்கலாம்.