சூறாவளி கரைக்கு வராமல் கடலோடு போகும்போது எழும் பெரிய அலைகளில் சர்ஃபிங் போகலாமா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடலில் பல வருடமாக அலைச்சறுக்குப் பலகையோடு இறங்குகிறேன், இந்த மாதிரி நாட்களிலும் போயிருக்கிறேன். சாதாரண நாளில் தலைக்கு மேல் எழும் அலையில் நன்றாகப் பழகியவர் என்றால் போகலாம். இல்லையென்றால் இந்த முறை வேண்டாம்.

எல்லோரும் முதலில் "எத்தனை அடி அலை?" என்று கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது பீரியட். ஒரு அலை வந்ததற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவில் எத்தனை வினாடி என்பதுதான் அது. பக்கத்துக் காற்று கிளப்பும் அலைக்கு 6, 7 வினாடி இருக்கும். தூரத்தில் போகும் சூறாவளி அனுப்பும் அலைக்கு 14, 16 கூட வரும். உயரம் ஒன்றாகவே இருந்தாலும், 16 வினாடி அலை கொண்டுவரும் சக்தி 8 வினாடி அலையைப் போல இரண்டு மடங்கு. ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 16 வினாடி அலைக்கு 400 மீட்டர். நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததுமே அலைக்குத் தரை தட்டுப்படும். அப்போது வேகம் குறையும், கரையை நெருங்க நெருங்க உயரம் கூடும். கடலில் மிதக்கும் கருவி காட்டிய அளவை நம்பி இறங்குகிறவர் கரையருகே வேறொரு அலையைச் சந்திப்பது இப்படித்தான்.

இந்த அலைகள் ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடும். பெரும்பாலும் புயலை முந்திக்கொண்டு வந்துவிடும். வானம் தெளிந்திருக்கும், வெயில் அடிக்கும், கடல் மட்டும் மாறியிருக்கும்.

ஒரு செப்டம்பர் காலையில் கரையில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். கடல் அமைதியாக இருந்தது. இறங்கினேன். அலை உடையும் இடத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தபோது அடிவானம் கோடு கோடாகக் கறுத்தது. முதல் இரண்டு அலைகள் மேல் எப்படியோ ஏறிக் கடந்தேன். மூன்றாவது என் முன்னாலேயே உடைந்தது. பலகையை விட்டுவிட்டு மூழ்கினேன். உள்ளே ஒரே இருட்டு, எது மேல் எது கீழ் என்று புரியவில்லை. கணுக்காலில் கட்டிய கயிறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பலகை மிதக்கும் பக்கம்தானே மேல்? அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். வந்தால் முகம் வரைக்கும் நுரை. அரை மூச்சு எடுப்பதற்குள் அடுத்தது.

தவறு அந்தப் பத்து நிமிடத்தில்தான். சூறாவளி அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கால் மணி நேரம் கூடக் கடல் சும்மா கிடக்கும். அதனால் இப்போது அரை மணி நேரமாவது பார்க்காமல் நான் இறங்குவதில்லை. எங்கே நுரை கடலுக்குள் திரும்பி ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்வேன், ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம், அதாவது ரிப் கரன்ட், அங்கேதான் இருக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

அப்புறம் எதற்குப் போகிறேன் என்றால், அன்றே மதியம் கிடைத்த ஒரு அலைக்காக. கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசியது. அலையின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக எழுந்து, உச்சியிலிருந்து தூறல் பின்பக்கம் பறந்தது. எழுந்து நின்றபின் நான் செய்ய ஒன்றுமே இல்லை, அது என்னைக் கொண்டுபோனது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது.

இன்னொன்று, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. 2009 ஆகஸ்ட் 23 அன்று 'பில்' சூறாவளி அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையைத் தொடாமல் கடலில் கடந்துபோனது. அகாடியா தேசியப் பூங்காவில் பாறைமேல் நின்று அலை பார்த்தவர்களை ஓர் அலை இழுத்துப்போனது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அந்த மாதிரி நாட்களில் கரையேறியதும், தண்ணீர் ஓரமாகக் குழந்தைகளோடு நிற்கிறவர்களிடம் போய், ஈர மணலையும் ஈரப் பாறையையும் தாண்டிப் பின்னால் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.