கோதுமை மாவும் கொழுந்தும்

கேள்வி: 2022ஆம் ஆண்டு கோதுமை மாவின் விலை ஏறியபோது எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) காலை ரொட்டி பாதியாகக் குறைந்தது. யாரோ குடிக்கும் தேயிலையை வளர்ப்பதை விட்டு, நமக்கு வேண்டியதை நாமே விளைவித்துக்கொண்டு, உலகச் சந்தையிலிருந்து விலகி வாழ முடியாதா?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அதை வாங்குவதற்கான டொலரில் ஒரு பகுதியைத் தேயிலைதான் ஈட்டித் தருகிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போகும் என்பதும், கடையில் மா என்ன விலைக்கு விற்கும் என்பதும் கொழுந்து பறிப்பவரின் கையில் இல்லை. ஆயினும், விலகிவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுபதுகளை நினைத்தால் தயக்கம் வருகிறது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தித் தன்னிறைவு காண முயன்றது. வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத்து விவசாயிகள் நல்ல விலை கண்டார்கள். அதே ஆண்டுகளில், குறிப்பாக 1973, 1974இல், மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கூப்பனுக்குப் பங்கீடாகத் தரப்பட்ட அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, நகரத் தெருக்களில் கையேந்தி நின்ற தோட்டக் குடும்பங்களை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தவரிடம் சொந்தக் காணி இருந்தது. நம்மவரிடம் ஒரு பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) காணிகூட இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகவும் இருந்ததால், கேட்டு வாங்க வாக்கும் இல்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவே தவிர, அங்கே உழைத்தவர்களுக்குக் காணி தரவில்லை. கண்டியைச் சூழ்ந்த சில தோட்டங்களிலிருந்து அவர்கள் விரட்டவும்பட்டார்கள்.

1977இல் சந்தை திறந்துவிடப்பட்டபோது வடக்கின் வெங்காயச் செய்கையாளர்கள் அடிபட்டார்கள். நம் லயங்களோ மூடிய சந்தையிலும் திறந்த சந்தையிலும் லயங்களாகவே இருந்தன. இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருபவர்கள், பெரும்பாலும் தென்பகுதியில் வாழும் சிறுதோட்ட உடைமையாளர்கள். அவர்களுடைய கொழுந்தும் அதே ஏலத்திற்குத்தான் போகிறது. ஆனால் விலை விழும் மாதத்தில் அவர்களது வளவில் ஒரு பலாவோ தென்னையோ நிற்கும். அதனால்தான், சந்தையா தன்னிறைவா என்பதைவிடக் காணி யாருடையது என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போடலாமே என்பார்கள். நுவரெலியாவின் கறட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் விதை பெருமளவு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே அதுவும் முழுத் தன்னிறைவு ஆகாது. செங்குத்தான சரிவை ஆண்டுதோறும் கொத்தினால் மண் மழையோடு மகாவலிக்குப் போய்விடும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதில் நெல்லும் தேயிலையும் சேர்ந்தே சரிந்ததையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

ஆகவே தேயிலை இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே உங்களுக்கென்று பயிரிட நிலமும் இருக்கட்டும். இதுவரை பலருக்கும் வீடமைப்புக்காகத் தரப்பட்ட 7 பேர்ச், ஓர் ஏக்கரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வீடு கட்டிய பின் கீரைப் பாத்திக்கு மட்டுமே இடம் மிஞ்சும். அரசின் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கம்பனிகளில் சில, தேயிலை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை நிறைக்கு வாங்குகின்றன. அது நல்ல தொடக்கம்தான், ஆனால் உறுதிப்பத்திரம் இல்லாத நிலத்தில் யாரும் பலாக்கன்று நட மாட்டார்கள். கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணியை அதுவரை காத்திராமல் உங்கள் பெயரில் எழுதித் தருமாறு, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதே கேளுங்கள்.