கார்டில் வந்த ஓவியத்தின் அசல் இதுதானா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விளையாட்டுக் கார்டு ஒன்றில் வந்த டிராகன் ஓவியத்தின் அசல் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். கையால் வரைந்ததுதான், பெயிண்ட் தடிப்பாகத் தெரிகிறது. நம்பி வாங்கலாமா? வாங்கினால் அதை பிரிண்ட் போட்டு விற்கலாமா?"

கையால் வரைந்தது என்பது மட்டும் போதாது. கார்டு அச்சிட ஸ்கேன் செய்தது இந்தப் படத்தைத்தானா என்று பார்க்க வேண்டும். ஒரே காட்சிக்குப் பென்சில் ஸ்கெட்ச் இருக்கும், சின்னதாக ஒரு வண்ண மாதிரி இருக்கும், இறுதி ஓவியம் இருக்கும். அப்புறம், ரசிகர் கேட்டதற்காக ஓவியரே மறுபடி வரைந்து கொடுத்ததும் இருக்கலாம். எல்லாம் அவர் கைவேலைதான், ஆசைப்பட்டு வாங்கலாம். ஆனால் இறுதி ஓவியத்தின் விலையை மற்றவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

முதலில் கார்டு வெளிவந்த காலத்தைப் பாருங்கள். மேஜிக்: த கேதரிங் என்ற கற்பனை உலகக் கார்டு விளையாட்டு 1993-ல் வந்தபோது ஓவியர்கள் பெரும்பாலும் காகிதத்திலும் போர்டிலும்தான் தீட்டினார்கள். இன்று பெரும்பகுதி கணினியில் உருவாகிறது. முழுக்க டிஜிட்டலில் உருவான படத்துக்கு கேன்வாஸில் அசலே கிடையாது. அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால், அது பின்னால் வரைந்தது, இல்லையென்றால் பிரிண்ட் மேல் பெயிண்ட் பூசியது. பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் இடத்தை நல்ல லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சு மைப் புள்ளிகள் தெரிந்தால் அடியில் பிரிண்ட் இருக்கிறது.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேஜிக் கார்டின் அளவு சுமார் 63 × 88 மி.மீ.; பல கார்டுகளில் படத்துக்குக் கிடைப்பது ஒரு தீப்பெட்டி அளவு இடம். ஓவியரோ அதைப் போலப் பல மடங்கு பெரிதாக வரைகிறார். அதனால் அசலில் கார்டு காட்டாதவை இருக்கும்: ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போன இறக்கை, பின்னணியில் ஒரு கோபுரம், செதில்களுக்கு இடையில் தூரிகை போன தடம். கார்டைப் பார்த்து நகல் எடுத்தவருக்கு இவை கண்ணில் பட்டிருக்காது. அந்த இடங்களை மழுப்பியிருப்பார். படம் கார்டின் சட்டத்துக்குள் வருவதோடு கச்சிதமாக முடிந்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். மாறாக, நிறம் சற்று வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கேன் செய்த பிறகு நிறத்தைத் திருத்துவதும், அச்சில் இருண்டு போவதும் சகஜம்.

சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஓவியரின் பெயர் பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். அவர் உயிரோடிருந்தால் படத்தின் முன்புறம், பின்புறம், ஓரங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள். பலர் தங்கள் அசல் யாரிடம் போனது என்று நினைவில் வைத்திருப்பார்கள். அவர் எழுதித் தரும் இரண்டு வரி எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது. பதில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

சரி, பிரிண்ட் போட்டு விற்பது? முடியாது. நீங்கள் வாங்குவது அந்தப் பொருளை மட்டும்தான். பதிப்புரிமை பெரும்பாலும் கார்டு நிறுவனத்திடமும், சில சமயம் ஓவியரிடமும் இருக்கும். வீட்டில் மாட்டலாம், பிறகு வேறொருவருக்கு விற்கலாம். போஸ்டராகவோ டி-ஷர்ட்டாகவோ போட வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.