ஊரான் வீட்டுக் கூரை

கேள்வி: கிராமங்களில் பழைய வீடுகளைப் பழுது பார்க்க அரசு கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குகிறது. அவரவர் வீட்டை அவரவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? ஊரான் வீட்டுக் கூரைக்கு என் வரிப்பணமா? (பி.கு: என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். மத்திய அரசின் மானியம் எப்போது கைக்கு வரும்?)

- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பின்குறிப்பு இல்லாமல் அனுப்பியிருந்தால் பதில் சொல்லக் கொஞ்சம் திணறியிருப்பேன். நல்லவேளை, எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் சொல்வது 2024-ல் தமிழக அரசு அறிவித்த பழுதுநீக்கும் திட்டம். 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் முதற்கட்டமாக இரண்டரை லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 80,000. 'அரசுத் திட்டங்களில் கட்டிய' என்பதைத்தான் நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். ஊரில் தொகுப்பு வீடு என்பார்களே, அதுதான்.

அப்படி ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறேன். சமையல்கட்டில், சோறு வடிக்கும் இடத்துக்கு மேலே பழைய சேலை ஒன்றை நாலு மூலையிலும் ஆணியடித்துத் தொட்டில் மாதிரி கட்டியிருந்தார்கள். மேலிருந்து பெயரும் காரை சோற்றில் விழாமல் இருக்க. அன்றைக்கு அதில் ஒரு படி சேர்ந்திருந்தது. வாரம் ஒருமுறை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டுவேன் என்றார் அந்த அம்மா, ஏதோ கோலம் போடுவதைச் சொல்வதுபோல. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிந்தது.

தளத்தின் மேல் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் தட்டு ஓடு பதிக்கவில்லை. மழைத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் தொடும். துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி அடியில் உள்ள கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். கம்பியை மூடிய கான்கிரீட்டின் கனம் குறைவென்றால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்தக் கனத்தைத் தீர்மானித்தது அந்த அம்மா இல்லையே.

சரி, உங்கள் வரிப்பணத்துக்கு வருவோம். வீட்டுக்கடன் இருந்து, பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் என்றால், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இதில் மிச்சம் 60,000 ரூபாய்க்கு மேல். பத்து வருடத்தில் ஆறு லட்சம். இதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை, 'டாக்ஸ் பிளானிங்' என்கிறோம். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு முறை 80,000 கொடுத்தால் மட்டும் ஊரான் வீட்டுக் கூரை ஆகிவிடுகிறது.

இந்தத் திட்டங்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் அது வேறு சண்டை. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம், புதிதாகக் கட்டும் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. ஆனால் மனை சொந்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டா வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவர் பட்டா வாங்குவதற்குள் குடிசையே போய்விடும். பணமும் வேலை ஏற ஏறத் தவணையாகத்தான் வருகிறது. அஸ்திவாரம் போடக் கையில் காசில்லாதவர் முதலில் யாரிடம் போவார்? வட்டிக்காரரிடம்தான். வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ இந்த வரிசையில் இடமே கிடையாது. இதை யாராவது கேட்டு எழுதினால் மூன்று பக்கம் பதில் எழுதத் தயார்.

அப்புறம், உங்கள் பின்குறிப்பு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்து, சான்று ஏறிய பிறகு வங்கி விவரம் கொடுத்தால் 30 நாளுக்குள் வந்துவிடும் என்கிறார்கள். அந்தத் தொகுப்பு வீட்டு அம்மாவும் தீப்பெட்டி, சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். அதனால் பணம் வந்ததும் ஊரான் காசு என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.