ஹெரால்ட் காரின் ஸ்டீரிங் கழலவில்லை, வெட்டச் சொல்லலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நான்கு கதவு வண்டி, எங்களிடம் இருக்கிறது. ஸ்டீரிங் ராடு ஆடுவதால் புஷ் மாற்றக் கொடுத்தேன். நட்டைக் கழற்றிய பிறகும் ஸ்டீரிங் வீல் அசையவில்லை. இரண்டு நாள் சுத்தியலால் அடித்துப் பார்த்த மெக்கானிக், "வெட்டித்தான் எடுக்கணும், வேற வீல் வாங்கிக்கோங்க" என்கிறார். அடித்ததில் ராடு நுனியில் மரை கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. வெட்டச் சொல்லலாமா? புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கினால் நானே கழற்ற முடியுமா? அடித்த கூலியையும் கேட்கிறார், கொடுக்க வேண்டுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வெட்ட விடாதீர்கள். முதலில் போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த வண்டி அது. நான்கு கதவு ஹெரால்டை இங்கிலாந்தில் செய்யவே இல்லை. அந்த வீலை அப்பா கை பிடித்துத் தேய்ந்திருக்கும். அதை வெட்டிவிட்டுப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் வேறொன்று தேடி அலைவது தேவையில்லாத வேலை.

வீலின் நடுக்குமிழும் ராடும் பல்லோடு பல் கோத்து உட்கார்ந்திருக்கின்றன. ஐம்பது வருடத் துரு அந்தப் பல் இடுக்கில் சிமென்ட் போல இறுகிவிடும். அதை மேலிருந்து அடித்தால் வராது. இந்த வண்டியில் அடிப்பது ஆபத்தும்கூட. ஹெரால்டின் ஸ்டீரிங் ராடு ஒரே துண்டு இல்லை. இரண்டு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஒரு கிளாம்ப் பிடிப்பில் நிற்கின்றன. நுனியில் ஓங்கி அடித்தால் மேல் துண்டு கீழே நழுவலாம். அதனால் வீல் கழன்ற பிறகு அந்த கிளாம்ப், அதன் போல்ட், கீழே ரேக்கோடு (சக்கரங்களைத் திருப்பும் பல் சட்டம்) சேரும் இணைப்பு மூன்றையும் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

புல்லர் வாங்கலாம். ஆனால் பேரிங் கழற்றும் மூன்று கால் புல்லர் வேண்டாம். கால்கள் ஆரக்கம்பியில் மாட்டி அதை வளைத்துவிடும். குமிழின் பின்பக்கம் அணைத்துப் பிடிக்கிற தகடு வகையாக இருக்க வேண்டும். கடையில் சரியான அளவு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கனமான இரும்புத் தகட்டை இரண்டு பாதியாக வெட்டித் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். குமிழை அளந்து கொண்டு போங்கள்.

என் ஹெரால்டில் இதே தொல்லை வந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஹாரன் பட்டனை மெல்ல நெம்பி எடுத்தேன். ராடிலும் குமிழிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டேன், திரும்ப மாட்டும்போது நேராக உட்கார. துரு இளக்கும் ஆயிலைக் காலையும் மாலையும் பல் இடுக்கில் விட்டு மூன்று நாள் ஊறவிட்டேன். பிறகு நட்டைத் திரும்பப் போட்டு, ராடு நுனிக்குச் சமமாக நிறுத்தினேன். அது மரையைக் காப்பாற்றும். வீல் திடீரென்று விடுபட்டாலும் முகத்தில் அடிக்காது. புல்லரை மாட்டி விறைப்பாக முறுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் கால் திருப்பு கூடத் திருப்பியிருக்க மாட்டேன், "டக்" என்று ஒரு சத்தம். வீல் அரை நூல் மேலே வந்திருந்தது. பல் இடுக்கிலிருந்து காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது. அதன் பிறகு கையாலேயே வந்துவிட்டது.

அப்படியும் வராவிட்டால் ஹீட் கன்னால் குமிழை மட்டும் சூடாக்கலாம், ஆயிலை நன்றாகத் துடைத்த பிறகு. கேஸ் நெருப்பு வேண்டாம். வீலின் பிளாஸ்டிக் உருகும், ஆயிலும் பற்றிக்கொள்ளும். இன்னொன்று, இந்த வண்டியில் நட்டுகள் இஞ்ச் அளவு. எம்.எம். ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும்.

நசுங்கிய மரையைச் சரியான அளவு டை (மரை வெட்டும் கருவி) விட்டு லேத்தில் சீர் செய்யலாம், சேதம் நுனியோடு நின்றிருந்தால். உள்வரை போயிருந்தால் ராடையே மாற்றுங்கள். உங்கள் வண்டியின் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கான ஸ்டீரிங் பாகங்கள் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கின்றன; தபால் செலவும் சுங்க வரியும் சேரும், அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டீரிங் ராடில் வெல்டிங் வைக்க மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூலி விஷயம். முடியாத வேலைக்கு, அதுவும் பொருளைக் கெடுத்த வேலைக்கு, கேட்டதை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை. நசுங்கிய மரையை இன்றே போட்டோ எடுங்கள். என்ன செய்தார், எவ்வளவு கேட்கிறார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மரையைச் சீர் செய்யும் செலவைக் கழித்துக்கொள்ளும்படி நேரில் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக் குறைபாடு என்று இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த பட்டறையில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "எந்தப் பாகத்தையும் வெட்டவோ உடைக்கவோ நேர்ந்தால் உரிமையாளரைக் கேட்ட பிறகே." கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.