நரி மட்டும் நிற்கிறது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஆறு வயது மகன் ‘டேவிட் தி நோம்’ கார்ட்டூன் தொடரை ஒரு மாதமாகப் பார்த்துவந்தான். சிவப்புக் குல்லாய்க் கிழவர், நரிமேல் சவாரி, காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் என்று எல்லாம் இதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தில் டேவிடும் மனைவி லிசாவும் மரங்களாகிவிடுகிறார்கள். அன்றிரவு இவன் அழுது தீர்த்துவிட்டான். குழந்தைகள் தொடருக்கு இப்படி ஒரு முடிவு தேவையா? மூலப் புத்தகத்தை வாங்கித் தரலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நாற்பது வயதில் அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனவன் நான். உங்கள் மகன் என் கட்சி.

முதலில் புத்தகம். நெதர்லாந்தில் 1976ல் வெளிவந்தது. எழுத்து வில் ஹைகன், ஓவியம் ரியன் போர்ட்ஃப்ளீட். அதில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சித்திரக்குள்ளர்களை வருடக்கணக்கில் காட்டில் கவனித்துவந்த இயற்கையியலாளரின் அறிக்கை போலிருக்கும். (‘நோம்’ என்பதைத்தான் இப்படிச் சொல்கிறேன், ‘பூதம்’ என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. குல்லாயைக் கழற்றினால் ஆள் பதினைந்து சென்டிமீட்டர், ஒரு சாண்கூடத் தேறாது.) ஆணின் எடை 300 கிராம். மரத்தடி வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். காலடித் தடம். அவர்களுக்கு வரும் நோய்கள், ஒவ்வொன்றுக்கும் மருந்து. இத்தனையும் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். ஹைகன் தொழிலால் மருத்துவர். நோயாளியைப் பற்றிக் குறிப்பெழுதிய கை அது. வாங்குங்கள், ஆனால் உங்களுக்காக. பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதிய பக்கங்கள் அதில் உண்டு.

கதையில்லாத புத்தகத்தை 26 அத்தியாயத் தொடராக்குவது எப்படி? 1985ல் ஸ்பெயினில் இதை உருவாக்கிய கிளாடியோ பியர்ன் பாய்ட் குழுவினர் டேவிடை வைத்தியராக்கினார்கள். கெட்டிக்காரத்தனம். வைத்தியர் என்றால் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அவரும் கிளம்பிக்கொண்டே இருப்பார். கூடவே, வலியும் நோயும் முதல் நாளிலிருந்தே தொடருக்குள் வந்துவிடுகின்றன. சித்திரக்குள்ளர்களின் ஆயுள் 400. டேவிடின் வயது 399. இதை ஒளித்துவைக்கவே இல்லை. கூட்டல் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் கணக்கு இடித்திருக்கும். கடைசியில் டேவிடைக் காப்பாற்றியிருந்தால் அது ஏமாற்று வேலையாகியிருக்கும்.

அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். போகிறவர்களிடம் பதற்றமில்லை. நாள் வந்துவிட்டது, ஊருக்குக் கிளம்புகிறவர்களைப் போல் நடக்கிறார்கள். வழியெல்லாம் சுமந்துவந்த ஸ்விஃப்ட் என்ற நரிக்குத்தான் தாங்கவில்லை. உங்கள் மகன் நரியின் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறான் என்றே நினைக்கிறேன். அவனிடமே கேளுங்கள். “டேவிட் ஏன் செத்தார்?” என்பானா, “நரி இனி எங்கே போகும்?” என்பானா என்று பார்க்கலாம். இரண்டாவது கேள்வியென்றால் தொடர் அவனுக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது.

தூங்கப் போகும் நேரத்தில் அதைப் போட்டது தப்பு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலையில் பார்த்திருந்தால் அழுதுவிட்டு விளையாடப் போயிருப்பான்.

சமாதானப்படுத்த அதே குழு 1987ல் எடுத்த அடுத்த தொடரைக் காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதில் வருபவர் கிளாஸ் என்ற நீதிபதி, ஏறிப் பறப்பது அன்னத்தின் மேல். நல்ல தொடர்தான். ஆனால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவன் நரியைக் கேட்பான்.